கல்லூரி காணும் பயணத்திற்கு நன்னூல் தரும் கணக்கு

 

ஆண்டு நிறைவு விழாவில் பழந்தமிழ்ப் பாடல்களின் நயமோ புதுக்கவிதையின் போக்கோ பேசப்படுவதுதான் வழக்கம். கல்லூரியில் சேரவிருக்கும் மகளையோ மகனையோ அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றைப் பார்த்துவரப் போவது இலக்கிய வட்டத்துக்கு உரிய பொருளாகுமா என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாண்டுகளுக்கு முன் பெற்றோரின் மடியில் அமர்ந்து கவியரங்கம் கேட்ட பிள்ளைகள் இன்று கல்லூரி வாயிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுள் எவரேனும் "இலக்கியம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், கவிதையைப் போற்றும் வீட்டில் என்ன விடை கிடைக்கும்? மேடையில் கிடைக்கும் விடையும் வீட்டுக் கூடத்தில் கிடைக்கும் விடையும் ஒன்றாக இருக்குமா? இவ்வினாவை இலக்கிய வட்டம் கேட்காவிட்டால் வேறு எவரும் கேட்கப் போவதில்லை. ஆகவே இப்பொருள் இவ்வவைக்கு உரியதே.

பெயரும் பொருளும்

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். 'லிபரல்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரசியல் கட்சியை நினைப்பவர் உண்டு. 'ஆர்ட்ஸ்' என்றவுடன் ஓவியமும் நடனமும் கற்பிக்கும் இடம் என்று கொள்வாரும் உண்டு. இரண்டும் பொருந்தா. இலத்தீனில் 'லீபர்' என்பது கட்டற்றவனைக் குறிக்கும். அடிமையல்லாத குடிமகன் ஒருவன் கற்கத்தக்கவை என்று பழைய உரோமானியர் கருதிய கலைகளே இவை. இடைக்கால ஐரோப்பா அவற்றை ஏழாக வகுத்தது. இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்னும் மூன்றும் ஒரு தொகுதி. எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்னும் நான்கும் மற்றொரு தொகுதி. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கொண்ட தமிழ் மரபினர்க்கு இப்பகுப்பு அயலானதாகத் தோன்றாது.

இன்று இப்பெயரால் வழங்கும் கல்லூரி பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்கென்றே அமைந்த சிறிய கல்லூரியாகும். ஆயிரம் முதல் மூவாயிரம் வரையிலான மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் பயில்வார்கள். வேதியியலும் கணிதமும் கணிப்பொறி இயலும் அங்கு உண்டு. மெய்யியலும் கவிதையும் அவற்றின் பக்கத்திலேயே உண்டு. சேரும் நாளிலேயே துறையைத் தேர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை; இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் முடிவு செய்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தாளைக் கையில் வாங்கிய அன்றே வாழ்நாள் முழுமைக்கும் துறை முடிவாகிவிடும் முறையில் வளர்ந்த பெற்றோர்க்கு இந்த இரண்டு ஆண்டு அவகாசம் வியப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருவது இயல்பே.

தந்தையும் மகளும்

அத்தகைய தந்தை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். எந்த ஊர்த் தமிழ் இலக்கிய வட்டத்திலும் அவர் இருப்பார். தமிழ்நாட்டில் பொறியியல் பயின்று நியூஜெர்சியில் குடியேறியவர், வெண்பா எழுதுபவர், மாதந்தோறும் வட்டத்தில் தம் பாட்டைப் படித்துக் காட்டுபவர். அவர் மகளுக்குப் பதினேழு வயது. கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் ஓராண்டாக ஆங்கிலக் கவிதை நூல்களை விட்டுப் பிரியாதவள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பெர்க்‌ஷயர் மலைகளின் நடுவே, வில்லியம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியைப் பார்க்க விரும்புகிறாள். அக்டோபர் மாதத்தில் ஒரு விடியற்காலையில் இருவரும் காரில் புறப்படுகிறார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்.

"கவிதை எழுதுவதை வீட்டிலிருந்தே எழுதலாமே, அம்மா. அதற்கு ஒரு கல்லூரி வேண்டுமா?" என்கிறார் தந்தை.

"நீங்களும் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாமே, அப்பா. எதற்காக மாதந்தோறும் வட்டத்துக்கு எடுத்துப் போகிறீர்கள்?" என்கிறாள் மகள்.

இம்மறுமொழியில் ஒரு கல்விக் கொள்கையே அடங்கியிருக்கிறது. மகள் அறிந்து சொன்னாளோ அறியாமல் சொன்னாளோ, நன்னூலார் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்துவைத்த கருத்து அது.

காலும் காலும் அரையும்

பவணந்தி முனிவர் எழுத்ததிகாரத்தில் நுழையுமுன் பாயிரம் பாடுகிறார். நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார், பாடம் சொல்லும் முறை யாது, மாணவர் எத்தகையோர் என்பவற்றையெல்லாம் பேசிவிட்டுத்தான் எழுத்தின் இலக்கணத்துக்கு வருகிறார். நூலைத் திறக்கும் முன்பே கற்பிக்கும் சூழலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வமைப்பின் குறிப்பு.

அப்பாயிரத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுக் கருத்தோடு கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குப் புலமையே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் வரும். கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரையும் நிரம்பும். கால், கால், அரை: இதுவே நன்னூல் தரும் கல்விக் கணக்கு.

கல்லூரியைக் காணச் செல்லும் பெற்றோர் எடுத்துச் செல்லத்தக்க அளவுகோல் இதனினும் சிறந்தது வேறில்லை. கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல்கள் இதனை அளந்து காட்டமாட்டா. வண்ணப் படங்கள் நிறைந்த விளக்க ஏடு முதற் காலை மட்டுமே விரித்துச் சொல்லும். எஞ்சிய முக்காலைக் கண்டறியத்தான் நேரில் போக வேண்டியிருக்கிறது.

முதற் கால்: ஆசிரியர்

கல்லூரி காணும் நாள் சேர்க்கை அலுவலகத்தில் தொடங்கும். ஒரு மணி நேர விளக்கக் கூட்டம் நடைபெறும். பின்பு மாணவ வழிகாட்டி ஒருவர் பதினைந்து இருபது பேரை வளாகம் முழுவதும் அழைத்துச் செல்வார். வருவோரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக அவர் பின்புறமாகவே நடந்து செல்வது அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றிய வழக்கம். நூலகம், ஆய்வுக்கூடம், விளையாட்டரங்கு எல்லாம் காட்டப்படும். பெற்றோரில் பெரும்பாலார் கட்டடங்களைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

கட்டடம் கற்பிப்பதில்லை. வழிகாட்டியிடம் கேட்கத்தக்கவை எளிய வினாக்கள். முதலாண்டு வகுப்பை நடத்தியவர் யார்? கடைசியாக எழுதிய கட்டுரையைத் திருத்தித் தந்தவர் யார்? ஓரத்தில் அவர் என்ன எழுதியிருந்தார்? பேராசிரியரின் அறைக்கு எத்தனை முறை போனதுண்டு? பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவரின் கட்டுரையைத் திருத்துபவர் பல வேளைகளில் முதுநிலை ஆய்வு மாணவராக இருப்பார். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியிலோ முதுநிலை மாணவர் பெரும்பாலும் இல்லாததால், அப்பணி பேராசிரியருடையதாகவே இருக்கும். வில்லியம்ஸ் கல்லூரியில் ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள். ஆறு ஏழு பேருக்கு ஓர் ஆசிரியர் என்னும் அளவு. வகுப்புகளின் அளவை அறிய விரும்புவோர், பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்னும் தகவல் தொகுப்பைப் பார்க்கலாம். விளக்க ஏட்டில் இல்லாத எண்கள் அதில் கிடைக்கும்.

இக்கல்லூரியோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வழக்கு உண்டு. 1856இல் அங்குப் பட்டம் பெற்றுப் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் கார்ஃபீல்டு, தம் ஆசிரியர் மார்க் ஹாப்கின்சை நினைவுகூர்ந்தபோது, மரக்கட்டை ஒன்றின் ஒரு முனையில் ஹாப்கின்சும் மறுமுனையில் ஒரு மாணவனும் அமர்ந்தால் அதுவே சிறந்த கல்லூரி என்னும் கருத்துப்படப் பேசினார் என்பர். மரக்கட்டைக்கு மாறாகத் திண்ணையை வைத்துப் பார்த்தால் அது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடம் கேட்ட காட்சியாகிவிடும்.

இரண்டாங் கால்: உடன் பயில்வோர்

உடன் பயில்வாரைச் சேர்க்கை அலுவலகம் காட்டாது. அவர்களை உணவுக்கூடத்தில் காணலாம். வளாகத்தைச் சுற்றி வந்த பிறகு ஊருக்குள் போய் உண்பதை விட மாணவர் உண்ணும் இடத்திலேயே உண்பது நல்லது. பக்கத்து மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று செவிகொடுக்க வேண்டும். தேர்வு முடிந்த பாடத்தைப் பற்றியும் பேச்சு நடக்குமானால் அங்கே இரண்டாங் கால் உண்டு. அறிவிப்புப் பலகைகளையும் நின்று படிக்க வேண்டும். நாடக ஒத்திகை, கவிதை வாசிப்பு, விண்மீன் பார்க்கும் இரவு என்று மாணவரே எழுதி ஒட்டிய தாள்கள் ஒரு கல்லூரியின் நாடித் துடிப்பைச் சொல்லும்.

மாணவர்கள் ஒருவரையொருவர் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதும் பார்க்கத்தக்கது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1833இல் நிறுவப்பட்ட ஹாவர்ஃபோர்டு கல்லூரியில் நேர்மை நெறி ஒன்று உண்டு. அங்கே தேர்வு அறையில் மேற்பார்வையாளர் நிற்பதில்லை. பருவ இறுதித் தேர்வுகள் பலவற்றை எந்த நாளில் எழுதுவது என்பதை மாணவரே வகுத்துக்கொள்கிறார்கள். மேற்பார்வையாளர் நடுவே நடந்துகொண்டிருக்கத் தேர்வு எழுதிப் பழகிய தலைமுறைக்கு இது கதைபோலத் தோன்றும். அங்குள்ள மாணவரிடம் இந்நெறி உண்மையாகவே நடைமுறையில் உள்ளதா என்று கேட்டால், அவர் சொல்லும் விடையும் சொல்லும் முறையும் பெற்றோர்க்குப் பல செய்திகளை உணர்த்தும்.

எஞ்சிய அரை: எடுத்துரைத்தல்

நன்னூலார் பாதிப் பங்கைக் கொடுத்தது எடுத்துரைப்பதற்கு. ஆகவே கல்லூரி காணும் நாளின் பாதியையேனும் இதற்குக் கொடுப்பது பொருத்தம்.

வில்லியம்ஸ் கல்லூரியில் 1988 முதல் 'டுட்டோரியல்' என்னும் பாடமுறை நடைபெற்று வருகிறது. ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர், அவ்வளவே வகுப்பு. ஒரு வாரம் ஒருவர் ஐந்தாறு பக்கக் கட்டுரை எழுதிவந்து படிப்பார். மற்றவர் அதனைத் திறனாய்வு செய்வார். அடுத்த வாரம் முறை மாறும். ஆசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். எழுதியவருக்கு மறைந்துகொள்ள இடமில்லை. மறுப்பவரும் சான்றில்லாமல் மறுக்க முடியாது. அன்னபோலிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி இதனை வேறொரு வகையில் செய்கிறது. 1937இல் அது தன் பாடத்திட்டத்தையே மாற்றிப் பெருநூல்களை அடிப்படையாக்கிக்கொண்டது. அங்கே துறைப் பிரிவு இல்லை. யூக்ளிடின் தேற்றத்தை ஆசிரியர் நிறுவிக் காட்டுவதில்லை. மாணவர் கரும்பலகைக்கு எழுந்து வந்து நிறுவிக் காட்ட வேண்டும்.

இவற்றை அறிந்துகொள்ளும் வழி ஒன்றே: மாணவர் ஒரு வகுப்பில் போய் அமர வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல கல்லூரிகள் அதற்கு ஏற்பாடு செய்கின்றன. ஆனால் வகுப்புக்குள் மாணவர் மட்டுமே செல்வார். பெற்றோர் வெளியில் நிற்பதே வழக்கம். நாள் முழுவதும் எல்லாவற்றையும் பார்க்கும் தந்தைக்கு, பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கும் உரிமை இல்லை. இதில் ஒரு நயம் இருக்கிறது.

வைக்கோற்போர் நினைவுக்கல்

வில்லியம்ஸ்டவுனில் மகள் வகுப்புக்குள் சென்றுவிட்டாள். தந்தை கால்போன போக்கில் நடக்கிறார். வளாகத்தின் ஒருபுறம், மரங்களுக்கிடையே ஒரு சலவைக்கல் தூண். அதன் உச்சியில் உலக உருண்டை. 1867இல் நிறுவப்பட்ட அக்கல்லில் ஐந்து மாணவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1806ஆம் ஆண்டு ஆகஸ்டில் இடிமழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போரின் அடியில் கூடிய அம்மாணவர்கள் கடல் கடந்த நாடுகளில் சமயப் பணி செய்ய உறுதிபூண்டார்கள் என்பது வரலாறு. 1810இல் அமெரிக்க அயல்நாட்டுச் சமயப்பணி வாரியம் தோன்றுவதற்கு அவ்வுறுதி வித்தாயிற்று.

அந்த ஐந்து பெயர்களுள் ஒன்று ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். அவர் 1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க ஊழியருள் ஒருவர். 1822இல் யாழ்ப்பாணத் தெல்லிப்பழையில் மறைந்தார். அடுத்த ஆண்டே, 1823இல், அவ்வூழியர்கள் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினார்கள். அதன் தலைமையை ஏற்ற டேனியல் பூவர், டார்ட்மத் கல்லூரியில் பயின்றவர். நியூ இங்கிலாந்துக் கல்லூரியின் சாயலில் அங்கே கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. சமய ஊழியர்களை உருவாக்குவதே நிறுவியவர்களின் முதன்மை நோக்கம். கற்றவர்களுள் பலரோ அரசுப் பணிக்கும் பிற தொழில்களுக்கும் சென்றார்கள். நோக்கம் நிறைவேறவில்லை என்பதும் காரணமாக, 1855இல் செமினரி மூடப்பட்டது.

அங்குப் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றினார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகள் நூலாயின. வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கிய மாணவர்களுள் எவரும் கலித்தொகையைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. அனுப்பியவர் ஒன்றை நினைத்தார். ஆசிரியர் ஒன்றைக் கற்பித்தார். மாணவர் வேறொன்றைச் செய்தார். அந்த வேறொன்றினால்தான் இன்று தமிழர் கையில் கலித்தொகை இருக்கிறது.

கல்வியின் முடிவை விதைப்பவன் நிச்சயிக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. "என் மகள் இங்குப் படித்தால் என்ன ஆவாள்?" என்னும் வினாவிற்கு எந்தக் கல்லூரியும் மெய்யான விடை தர இயலாது. "இங்கு எப்படிக் கற்பாள்?" என்பதற்கே விடை உண்டு. அவ்விடையைத்தான் மகள் உள்ளே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவள் வெளியே வருகிறாள். "ஆசிரியர் மொத்தம் மூன்று முறைதான் பேசினார், அப்பா" என்கிறாள்.

"மூன்று முறை பேசுவதற்கா இவ்வளவு கட்டணம்?"

"மற்ற பன்னிரண்டு பேரையும் பேச வைத்தாரே, அப்பா. அதற்கு."

பிழைப்பும் பொருளும்

இதனால் பிழைப்பைப் பற்றிக் கேட்பது இழிவு என்று கொண்டுவிடலாகாது. வறுமையை அறிந்து, படிப்பால் மீண்ட தலைமுறையின் அச்சம் மதிக்கத்தக்கது. ஆயினும் சிறு கல்லூரியில் பயின்றால் பிழைப்பு இல்லை என்னும் முடிவை வரலாறு ஏற்கவில்லை. சோளக் கொல்லைகள் சூழ்ந்த அயோவா மாநிலச் சிற்றூரில் உள்ள கிரின்னல் கல்லூரியில் 1949இல் இயற்பியலும் கணிதமும் பயின்று பட்டம் பெற்றவர் ராபர்ட் நாய்ஸ். ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கண்டவர்களுள் ஒருவராகவும் இண்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். 1989இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் செக்கும் அக்கல்லூரி மாணவரே. இத்தகைய பெயர்கள் எல்லார்க்கும் உறுதிமொழி ஆகா; வாயில் அடைபட்டதன்று என்பதற்குச் சான்று ஆகும்.

பொருட்செலவு பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். முன்னணிக் கல்லூரிகள் பலவற்றில் கல்வி, விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து அறிவிக்கப்படும் கட்டணம் ஆண்டுக்கு 80,000 டாலரைக் கடந்துவிட்டது. எல்லாக் குடும்பங்களும் அத்தொகையைக் கட்டுவதில்லை. வருமானத்திற்கு ஏற்ப உதவி கிடைக்கும். ஒரு குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்ட நேரும் என்பதை ஏறத்தாழக் காட்டும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' என்னும் கணக்கீட்டுப் பக்கத்தை ஒவ்வொரு கல்லூரியும் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள சட்டம். பயணம் புறப்படும் முன்பே அதனைப் போட்டுப் பார்த்துவிடுவது அறிவுடைமை. மகள் ஓரிடத்தில் மனத்தைப் பறிகொடுத்த பிறகு கணக்குப் போடுவது இருவர்க்கும் துன்பம் தரும். வில்லியம்ஸ் கல்லூரி 2022இல் தன் உதவித் திட்டத்தில் கடனையும் கட்டாயப் பணியையும் நீக்கி, முழுவதையும் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாக மாற்றியது. அத்தகைய செல்வம் எல்லாக் கல்லூரிகளிடமும் இல்லை. நவம்பரில் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்னும் 'எர்லி டிசிஷன்' முறையில் வெவ்வேறு கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் கேட்டாக வேண்டும். சிறு கல்லூரிகள் பல இன்று நலிந்து வருகின்றன. வெர்மான்ட் மாநிலத்தில் கிரீன் மவுண்டன் கல்லூரி 2019இலும் மார்ல்போரோ கல்லூரி 2020இலும் மூடப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் 1868இல் தோன்றிய வெல்ஸ் கல்லூரி 2024இல் மூடப்பட்டது. அங்குப் பயின்றுகொண்டிருந்த மாணவர் வேறு கல்லூரி தேடி அலைய நேர்ந்தது. ஆகவே நிலைநிதி எவ்வளவு, மாணவர் சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா, அண்மையில் எந்தத் துறையேனும் மூடப்பட்டதா என்னும் வினாக்களை விளக்கக் கூட்டத்தில் தயங்காமல் கேட்கலாம். துறை தொடர்பான வினாக்களை மகள் கேட்கட்டும். இவ்வினாக்களைத் தந்தை கேட்கட்டும். இருவர் பணியும் இவ்வாறு பிரிந்தால் ஒருவர்க்கொருவர் இடையூறு ஆகார்.

தமிழுக்குப் புதியதோர் இடமன்று

இக்கல்லூரிகளில் தமிழுக்கு என்ன தொடர்பு என்று கேட்போர்க்கும் விடை உண்டு. ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்த பவுலா ரிச்மன், பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை ஆராய்ந்து 1997இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அக்கல்லூரிப் பட்டதாரிகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து ஆங்கிலம் கற்பித்த வழக்கமும் நெடிது. மாசசூசெட்ஸில் 1837இல் மேரி லயன் நிறுவிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில், கவிஞர் எமிலி டிக்கின்சன் ஓராண்டுக்கும் குறைவாகப் பயின்ற அதே நிலையத்தில், தேவாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கினார். கல்லூரி காணப்போகும் தமிழ் மாணவி நூலகத்தில் நுழைந்து இவ்வாசிரியர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். தன் வீட்டில் கேட்ட பாட்டு அந்த அடுக்கில் நிற்பதைக் காண்பது, நூறு விளக்க ஏடுகள் தராத துணிவைத் தரும்.

வட்டமும் கல்லூரியும்

அவையோரே, நன்னூலின் கணக்கைக் கல்லூரிக்கு மட்டும் போட்டால் போதாது. இவ்வட்டத்திற்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளாக இங்கே நடந்துவருவது என்ன? ஒருவர் தம் பாட்டைப் படிக்கிறார். பத்துப் பேர் கேட்கிறார்கள். ஒருவர் தளை தட்டுகிறது என்கிறார். மற்றொருவர் சொல் பொருந்தவில்லை என்கிறார். எழுதியவர் விளக்குகிறார், அல்லது திருத்திக்கொள்கிறார். வில்லியம்ஸ் கல்லூரியில் இருவர் எதிரெதிர் அமர்ந்து செய்வதும் இதுவே. தொழிலால் பொறியாளராகவும் மருத்துவராகவும் கணக்கராகவும் உள்ளோர் விடுமுறை நாளைத் துறந்து இங்கு வருவதற்குக் காரணம், தம் இளமையில் கிடைக்காமற்போன முக்காலைத் தேடுவதே ஆகலாம்.

அந்த முக்காலைப் பதினெட்டு வயதிலேயே அடைய வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அதனை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளும் தகுதி வேறு எவர்க்கு இருந்தாலும் கவிஞர்க்கு இல்லை. செலவைக் கணக்கிடட்டும், கல்லூரியின் நிலையைச் சோதிக்கட்டும், பொருந்தாத இடத்தைப் பொருந்தாது என்று சொல்லட்டும். இவை பெற்றோரின் கடமைகள். ஆனால் கவிதை படிப்பது வீண் என்னும் ஒரு சொல்லை மட்டும் அவர்கள் சொல்லாதிருக்க வேண்டும். அச்சொல் வீட்டில் ஒருமுறை ஒலித்துவிட்டால், மாதந்தோறும் இம்மேடையில் ஒலிக்கும் பாட்டுகளையெல்லாம் பிள்ளைகள் நம்பாமற் போவார்கள்.

சேர்க்கை முடிவுகள் பெரும்பாலும் மார்ச்சு இறுதிக்குள் வந்துவிடும். எங்குச் சேர்வது என்பதை மே முதல் நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். அடுத்த மே மாதத்திற்குள் இவ்வட்டத்தின் வீடுகள் சிலவற்றில் இப்பேச்சு நடக்கும். அப்போது மேடையில் பேசிய நாவும் வீட்டில் பேசும் நாவும் ஒன்றாக இருக்குமானால், பத்தாண்டுத் தொண்டு பயன்பட்டது எனலாம்.